பெல்ட்டில் ஒரு வரி குறைந்தது

நேற்று சாயங்காலம் பாபநாசம் கோவில் வரை வண்டியை ஓட்டிப் போய்த் திரும்பினேன். போக வர ஒரு குறையும் இல்லை. டைனமோ பெல்ட் அறுந்து, புது பெல்ட் போட்ட பிறகும் ஸ்டார்ட் ஆகாமல், ஐந்து நாள் வீட்டு முன்னால் ஜாக்கியில் நின்ற வண்டி இது. கையில் கிரீஸ் வாசம் போகுமுன் எழுதிவிடுகிறேன். பெல்ட் அறுந்த வண்டியோடு யாராவது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், நான் வீணாக்கிய மூன்று நாள் அவருக்கு மிச்சமாகட்டும்.

நான் கார் மெக்கானிக் இல்லை. வீரவநல்லூரில் மோட்டார் காயில் கட்டுகிறேன். கிணற்று மோட்டார், மிக்சி, மேஜை ஃபேன் எல்லாம் வரும். வண்டி 2009 மாடல், நாலு சிலிண்டர் சின்ன பெட்ரோல் கார். சில்லறை வேலைகளை நானே பார்த்துக்கொள்வேன்.

நெல்லையப்பர் கோவில் ஆனித் தேருக்கு நாலு நாள் முன்னால் தென்காசியிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். நல்ல சாரல். வைப்பர், ஹெட்லைட், உள்ளே ஃபேன் எல்லாம் ஓடியது. கடையம் தாண்டியதும் முன்பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். பிரேக் போட்டால் குறையவில்லை, ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடியது. ஆழ்வார்குறிச்சி வரும்போது டப்பென்று ஏதோ அடித்தது, சத்தம் நின்றது, பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. சார்ஜ் ஏறவில்லை, அவ்வளவுதானே, பேட்டரியில் இருக்கிற கரண்டிலேயே அம்பாசமுத்திரம் போய்விடலாம் என்று நினைத்து ஓட்டினேன். முதல் தப்பு அது. இந்த வண்டியில் டைனமோவைச் சுற்றுகிற அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. இரண்டு கிலோமீட்டருக்குள் சூட்டு முள் பாதியைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. ஓரங்கட்டலாம் என்று இண்டிகேட்டர் போட்ட நேரத்தில் இன்ஜின் தானாகவே நின்றது.

அந்த நிற்றலை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். திக்கவில்லை, இழுக்கவில்லை, உதறவில்லை. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நின்றது. ஹெட்லைட் வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை, எதிரே இருந்த புளியமரத்தின் பட்டை வரை தெரிந்தது. பேட்டரி செத்து நிற்கிற வண்டி அப்படி நிற்காது. முதலில் விளக்கு மங்கும், வைப்பர் சோரும், பிறகுதான் இன்ஜின் முக்கி முக்கி நிற்கும். விடை அந்த ஒரு நொடியிலேயே என் கண் முன்னால் இருந்தது. நான் மழையையும் அம்மாவையும்தான் பார்த்தேன்.

பானட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். பெல்ட் அறுந்து டைனமோ புல்லியில் செத்த பாம்பு மாதிரி தொங்கியது. அதை உருவி டிக்கியில் போட்டேன். அரை மணி நேரம் ஆறவிட்டு நாலைந்து தடவை செல்ஃப் அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. லோடு ஆட்டோ வரும்வரை ஒன்றரை மணி நேரம் நாலு இண்டிகேட்டரும் எரிந்துகொண்டே இருந்தது. கயிறு கட்டி வீடு வரை இழுக்க 1500 ரூபாய். அம்மா வழியெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாள்: "அரவ மில்லுல வாரு அறுந்தா மாட்டிட்டு ஒடனே ஓட்டிருவாங்களேடே, இதுக்கு என்ன இவ்வளவு பாடு?"

மறுநாள் காலையில் பேட்டரி 11.7 வோல்ட் காட்டியது. நிறைந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி, 11.7 என்றால் அநேகமாகக் காலி. "பேட்டரிதான்" என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அதைக் காலி பண்ணியது முந்தின இரவு நான் அடித்த செல்ஃபும் எரியவிட்ட இண்டிகேட்டரும்தான் என்று தோன்றவே இல்லை. பட்டறையில் சார்ஜர் இருக்கிறது. 4 ஆம்பியரில் போட்டுவிட்டுப் பெல்ட் வேலைக்கு இறங்கினேன்.

ஓட்டுநர் பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியோடு ஒரு கட்டையும் அடியில் கொடுத்து, உள்பக்கச் சேறு தடுப்பை அவிழ்த்தேன். எல்லாம் 10 நம்பர் போல்ட். புது பெல்ட் மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் முதல் தடவையே ஒழுங்காகச் செய்தேன். வாட்டர் பம்ப் புல்லி வழுவழுவென்று சுற்றியது, ஆட்டமும் இல்லை, ஒழுகலும் இல்லை. டைனமோ புல்லி அரை சுற்றுப் போய் நின்றது. மறுபடி தள்ளினால் மணலில் உருட்டுகிற மாதிரி நறநறத்தது. புல்லியின் பள்ளங்களில் இரும்பு நீலம் பாரித்திருந்தது. பெல்ட் வழுக்கி வழுக்கிச் சூடேறிய நிறம் அது. பெல்ட் அறுந்ததற்குக் காரணம் பெல்ட் இல்லை, முன் பேரிங். புது பெல்ட்டை மட்டும் மாட்டியிருந்தால் ஒரு வாரத்தில் அதுவும் போயிருக்கும்.

டைனமோவைக் கழற்றிப் பட்டறை மேஜையில் வைத்ததும் என் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. உள்ளே ஸ்டேட்டர் காயில் கருகவில்லை, வார்னிஷ் பழைய தேன் நிறத்தில் அப்படியே இருந்தது. சுருள் மூன்றையும் பாடியோடு மெக்கர் (கரண்ட் லீக் பார்க்கிற மீட்டர்) வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் டயோடுத் தட்டைத் தனியாகக் கழற்றி வைத்தேன், மெக்கரின் வோல்டேஜை டயோடு தாங்காது. லீக் இல்லை. முன் பேரிங் 6303, பின் பேரிங் 6202. என்னிடம் டப்பா டப்பாவாக 6203 உண்டு. தண்டு அளவு 6303-க்கும் அதுக்கும் ஒன்றுதான், 17 மில்லிமீட்டர். ஆனால் வெளிவட்டம் 6203-க்கு 40, 6303-க்கு 47. இருக்கிறதை வைத்து ஒப்பேற்ற வழியில்லை, அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினேன். இரண்டு பேரிங்கும் ரப்பர் மூடி போட்டது, சேர்த்து 430 ரூபாய். கூடவே பெல்ட் 420 ரூபாய். பெல்ட் வாங்கும்போது முதுகில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள். 4பிகே 850 என்றால் நாலு வரி, அதாவது பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் ஓடுகிற மேடு நாலு, நீளம் 850 மில்லிமீட்டர். அஞ்சு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் டைனமோவை நகர்த்திச் சமாளிக்கலாம், வரி மாறினால் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய பேரிங்கைப் புல்லரில் இழுத்தபோது உள்ளே கிரீஸ் என்பதே இல்லை, காப்பிப் பொடி மாதிரி துரு உதிர்ந்தது. புதியதை உள்வளையத்தில் குழாய் வைத்துத் தட்டி இறக்கினேன். தண்டில் ஏற்றும்போது வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் அடிவாங்கும், ஆறு மாதத்தில் மறுபடி இரையும். பெல்ட்டை மாட்டி, டைனமோவைக் கம்பியால் நெம்பி, மேல் போல்ட்டை இறுக்கினேன். இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர் இறங்க வேண்டும். முதலில் நாலுதான் இறங்கியது. அவ்வளவு இறுக்கம் வாட்டர் பம்ப் பேரிங்கைத் தின்றுவிடும். தளர்த்தி மறுபடி வைத்தேன், ஒன்பது வந்தது. கூலண்ட் ஒரு லிட்டர் வெளியேறியிருந்தது. ஊற்றி நிரப்பினேன், 280 ரூபாய்.

சாயங்காலம் பேட்டரி 12.6. மாட்டிச் செல்ஃப் அடித்தேன். இன்ஜின் கம்பீரமாகச் சுற்றியது. செல்ஃப் அடிக்கும்போதும் வோல்டேஜ் 10.4-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் பற்றவில்லை. பத்து தடவை அடித்தும் ஒரு இருமல்கூட இல்லை.

தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளிப் பார்க்கலாம் என்று கால்வாய்ப் பாதைச் சரிவு வரை உருட்டிக்கொண்டு போனார்கள். மூன்று தடவை தள்ளியும் எடுக்கவில்லை. இதைச் செய்திருக்கவே கூடாது. அறுந்த பெல்ட்டின் துண்டு, வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட்டுகிற டைமிங் பெல்ட்டுக்குள் போயிருக்குமா என்று பார்க்காமல் தள்ளியிருக்கிறோம். டைமிங் தாண்டியிருந்தால், தள்ளிய தள்ளில் வால்வு போய் பிஸ்டனில் முட்டியிருக்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிற வண்டியைத் தள்ளுவதால் பயனும் இல்லை. செல்ஃப் செய்கிற வேலையைத்தான் ஆட்கள் செய்கிறார்கள்.

மூன்றாம் நாள் முழுவதையும் வண்டியின் பெட்ரோல் பம்ப் மோட்டார் தின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. செல்ஃப் அவ்வளவு அடித்தும் பெட்ரோல் ஈரம் இல்லை, வாசமும் இல்லை. சாவியைப் போட்டால் பின் சீட்டுக்கு அடியில் 'ர்ர்ர்' என்று இரண்டு செகண்ட் சத்தம், பிறகு அமைதி. மோட்டார் எடுத்து எடுத்து நிற்கிறது, பிரஷ் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். மோட்டார்க்காரன் இல்லையா, மோட்டார் மேல்தான் சந்தேகம் போகும். முதலில் பம்ப்புக்குக் கரண்ட் விடுகிற ரிலேயை மாற்றினேன், 180 ரூபாய். அப்படியும் அதே இரண்டு செகண்ட். பஸ் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷன் போய் பம்ப் மோட்டார் 1450 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பின் சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, பெட்ரோல் ஆவியில் கண் எரிய எரிய மாற்றி முடிக்க ராத்திரி எட்டு மணி. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் அந்த மூடியைத் தொட்டேன், நாலு கதவும் திறந்து கிடந்தன. அதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

புது மோட்டாரும் இரண்டு செகண்ட் ஓடி நின்றது.

பழைய மோட்டாரைப் பட்டறையில் தனியாக 12 வோல்ட் கொடுத்து ஒரு கணம் தட்டிப் பார்த்தேன். அருமையாகச் சுற்றியது. அப்போதுதான் உறைத்தது, மோட்டார் நிற்கவில்லை, அதை யாரோ நிறுத்துகிறார்கள். சாவி போட்டதும் பைப்பில் அழுத்தம் ஏற்ற ஈசிஎம், அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், அந்த மோட்டாரை இரண்டு செகண்ட் ஓட்டும். பிறகு இன்ஜின் சுற்றுகிற செய்தி வந்தால்தான் தொடர்ந்து ஓட்டும். இன்ஜின் நின்ற வண்டியில், விபத்தில் உடைந்த பைப்பில், பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போதும் பம்ப் ஓடவில்லை என்றால், இன்ஜின் சுற்றுவது ஈசிஎம்முக்குத் தெரியவில்லை என்று பொருள். இது அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதியை மறுநாள் பயம் மறைத்துவிட்டது.

நாலாம் நாள் அம்பாசமுத்திரத்தில் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் வந்து பார்த்தார். குனிந்து சக்கரப் பொந்துக்குள் எட்டிப் பார்த்தவர் கீழ் டைமிங் மூடியைக் காட்டினார். அதன் ஒரு மூலை உடைந்து, விரல் நுழைகிற அளவு ஓட்டை. "பெல்ட்டுத் துண்டு இது வழியா உள்ள போயிருக்கும்வே. டைமிங் தாண்டிருக்கும். வால்வு வளைஞ்சிருந்தா ஹெட்ட எறக்கணும், பதினஞ்சாயிரத்துக்குக் கொறையாது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பெல்ட் அறுந்த பிறகு எடுக்காத வண்டியில் முதலில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கிற கம்ப்ரஷன் மீட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மனசுக்கு நன்றி.

மேல் மூடியைக் கழற்றினேன். நாலு பிளக்கையும் எடுத்துவிட்டு, பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்கின் போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டுக் கையால் வலச்சுற்றாகச் சுற்றினேன். பிளக் இல்லாவிட்டால் ஒரு கையிலேயே சுற்றும். எங்காவது முட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். முட்டவில்லை. கிராங்க் குறியைப் பொருத்தினேன், முதல் சுற்றில் வால்வைத் திறக்கிற கேம் தண்டின் குறி எதிர்ப்பக்கம் இருந்தது. பகீரென்றது. பிறகு நினைவு வந்தது, கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. இன்னொரு சுற்றுப் போட்டதும் இரண்டு குறியும் மயிரிழை தப்பாமல் நின்றன.

மனசு ஒப்பாமல் கம்ப்ரஷனும் பார்த்தேன். பெட்ரோல் ரிலேயைப் பிடுங்கி, பொறி கொடுக்கிற இக்னிஷன் காயிலின் ஒயர் பிளக்கைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்ஃபால் ஆறு அமுக்கம். 165, 160, 165, 158 பிஎஸ்ஐ. வால்வு வளைந்த இன்ஜின் இப்படிக் காட்டாது. சூட்டில் ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்ற சந்தேகமும் இதோடு பெரும்பாலும் தீர்ந்தது, பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து குறையவில்லை. அன்றைக்கு ராத்திரிதான், பிளக் கையில் இருக்கிறதே என்று, காயில் ஒயரைத் திரும்ப மாட்டி, பிளக்கைப் பாடியில் வைத்து, திறந்து கிடந்த துளைகளைத் துணியால் மூடிச் செல்ஃப் அடித்தேன். பொறி இல்லை. நாலிலும் இல்லை.

இதை இரண்டாம் நாளே பார்த்திருக்க வேண்டும். பெட்ரோலும் இல்லை, பொறியும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வண்டியில் தனித்தனியாகக் கெட்டுப் போகாது. ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் கரண்ட் இல்லை என்றால் வீடு வீடாக ஃபியூஸ் பார்க்க மாட்டோம், போஸ்ட்டுக்குப் போவோம். என் தொழிலில் இதைத் தினமும் செய்கிறேன். காரைப் பார்த்ததும் என் தொழிலையே மறந்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் ஆனித் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. கடைக்கு ஓடி எதையாவது வாங்குகிற வழி அடைபட்டது, அதுதான் நல்லதாகப் போயிற்று. லீவு ஆனதால் அக்கா மகன் காலையிலேயே வந்துவிட்டான், ஒன்பதாம் வகுப்பு. அவனை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, நான் சொல்லும்போது மட்டும் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நான் முன்னால் டெஸ்ட் லேம்ப்போடு, பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரின் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துடிப்பு இல்லை. உள்ளேயிருந்து அவன் குரல்: "மாமா, நா செல்ஃப் அடிக்கும்போது இந்த ஆர்பிஎம் முள்ளு எந்திக்கவே மாட்டேங்கு. எங்க வேன்ல லேசா துள்ளும்லா?"

"ஏலே, இன்னொரு வாட்டி அடி" என்று சொல்லிக் கதவருகே ஓடினேன். உண்மைதான். செல்ஃப் சுற்றும்போது முள் இருநூறு முந்நூறுக்காவது எழ வேண்டும். இது பூஜ்யத்தில் ஒட்டிக் கிடந்தது. இன்ஜின் சுற்றுகிறது என்று எங்கள் காதுக்குக் கேட்கிறது, ஈசிஎம்முக்குக் கேட்கவில்லை. அதற்குக் காது கிராங்க் சென்சார். மூன்று வருடமாக அந்த முள்ளை ஒரு தடவைகூட நான் இப்படிப் பார்த்ததில்லை. பையனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு தம்பியிடம் போனோடு சேர்கிற புளூடூத் ஸ்கேனர் இருந்தது. அவன் அதை விற்கிற யோசனையில் இருந்தான், 750 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். பி0335 என்று காட்டியது. கிராங்க் சென்சார் சர்க்யூட் என்பதற்கான குறி அது.

குறி வந்ததும் சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. பம்ப் விஷயத்தில் பட்ட சூடு இருந்ததால் மீட்டரை எடுத்தேன். இந்த வண்டியில் அந்தச் சென்சார் ஒரு காந்தமும் அதைச் சுற்றி ஒரு காயிலும்தான். பல்சக்கரம் அதன் முன்னால் சுற்றும்போது காயிலில் சின்ன ஏசி வோல்டேஜ் பிறக்கும். ஆயுசு முழுக்க நான் கட்டுகிற அதே சுருள், நகம் அளவில். பேட்டரி பக்கத்தில் இருக்கும் அதன் பிளக்கைக் கழற்றி ஓம் பார்த்தேன். மீட்டரில் இடது ஓரத்தில் வெறும் 1. சுருள் அறுந்திருக்கிறது, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிப் படுத்து, சென்சாருக்கு ஒரு சாண் மேலே ஒயரின் தோலில் இரண்டு குண்டூசி குத்தி அங்கே அளந்தேன். 880 ஓம். காயில் உயிரோடு இருக்கிறது. அறுந்தது நடுவில்.

அப்போதுதான் டிக்கியில் கிடந்த பழைய பெல்ட் ஞாபகம் வந்தது. திண்ணையில் நீட்டிப் போட்டு டேப் வைத்தேன். நீளம் சரியாக இருந்தது. அகலம் ஒரு முனையில் 14 மில்லிமீட்டர், நாலு வரி. நகர்த்திக்கொண்டே போனால் ஒரு இடத்தில் பத்தரை ஆகி, அங்கிருந்து மறுமுனை வரை மூன்று வரிதான். ஓர வரி ஒன்று சுமார் 600 மில்லிமீட்டருக்கு உரிந்து போயிருக்கிறது. அந்த வரி ரோட்டில் விழவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கிராங்க் புல்லி இந்த வண்டியில் ஐந்து சின்ன போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றினேன். புல்லிக்குப் பின்னால், தண்டைச் சுற்றி, கறுப்பு நூல்கண்டு மாதிரி அந்த வரி சுற்றிக் கிடந்தது. அதன் ஒரு வால் நீட்டிக்கொண்டு, சென்சார் ஒயர் போகிற இடத்தில் முடிந்திருந்தது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து இரண்டு கிலோமீட்டர், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி, நிமிஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். ஒயரின் மேல்தோல் பளபளவென்று தேய்ந்து, உள்ளே இருந்த வலைச் செம்பு பிரிந்து, இரண்டு ஒயரில் ஒன்று முழுதாக அறுந்திருந்தது. ரப்பர் கண்டைச் சின்ன கொக்கியால் இழுத்து எடுத்தேன். உடைந்த மூலை வழியாக உள்ளே போன துண்டு வேறு ஏதும் இல்லை என்று கண்ணாடி வைத்து, டார்ச் அடித்து, சுற்றிலும் பார்த்தேன். டைமிங் பெல்ட் பல் எல்லாம் முழுசாக இருந்தது.

வீட்டில் கிடந்த சாதாரண ஒயரில் ஒரு துண்டு வெட்டி இடையில் போட்டு ஈயம் பற்றவைத்தேன். வலைச் செம்பை விட்டுவிட்டேன், அதற்குப் பெரிய வேலை இருக்காது என்று நினைத்தேன். மருமகன் செல்ஃப் அடித்தான். முள் துள்ளியது, அரைச் சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றாள்.

ஆனால் மூவாயிரம் ஆர்பிஎம்முக்கு மேலே போனால் உதறியது. முள் தாறுமாறாக ஆடியது. காயில் ஒயர் பக்கத்திலேயே போகிறது, அதன் பொறி இரைச்சல் முழுவதும் என் வெறும் ஒயரில் ஏறி, ஈசிஎம்முக்குப் பொய்ப் பல்லாகக் கேட்கிறது. வலைச் செம்பு சும்மா போட்ட அலங்காரம் இல்லை. ஊரில் மைக் செட் வைத்திருப்பவரிடம் இரண்டு கோர் மைக் ஒயர் ஒரு மீட்டர் வாங்கினேன். அதிலும் வலைச் செம்பு உண்டு. நிறம் பார்த்து அதே ஒயரோடு அதே ஒயரைச் சேர்த்தேன். இரண்டும் இடம் மாறினால் அலை தலைகீழாகி ஈசிஎம் பல்லைத் தப்பாக எண்ணும். வலையைப் பிளக் பக்கத்தில் மட்டும் சேர்த்து, சென்சார் பக்கத்தில் வெறுமனே விட்டேன். மைக் ஒயரின் தோல் இன்ஜின் சூட்டைத் தாங்காது. அதனால் காயில் கட்டும்போது லீடு ஒயருக்குப் போடுகிற கண்ணாடி இழை ஸ்லீவை மேலே மாட்டி, குண்டூசி குத்திய இடத்தில் வார்னிஷ் தடவி, புல்லியிலிருந்து நாலு விரல் தள்ளி வேறு வழியில் கட்டினேன். ஒயருக்கும் ஸ்லீவுக்கும் 60 ரூபாய்.

இப்போது பிளக்கில் 880 ஓம் வந்தது. செல்ஃப் அடிக்கும்போது ஏசியில் 0.7 வோல்ட். ஸ்டார்ட் ஆகி 850-இல் நின்றது, நாலாயிரம் வரை மிதித்தும் உதறல் இல்லை. சார்ஜிங் 14.2, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டால் 13.9. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே சூடாக்கி, குமிழ் அடங்கும் வரை கூலண்ட் ஊற்றினேன். வாட்டர் பம்ப் சுற்றாமல் ஓடிய வண்டியில் உள்ளே காற்று நிச்சயம் நிற்கும்.

மொத்தம் 5070 ரூபாய். இதில் தேவையே இல்லாதது பம்ப்பும் ரிலேயும், 1630. ஸ்கேனரை வீணில் சேர்க்க மனசில்லை, வண்டியிலேயே கிடக்கட்டும். பழைய பம்ப் மோட்டாரைத் துடைத்து, தேதி எழுதி, எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த தடவை யாருக்காவது இப்படி நின்றால் நான் செய்யப்போகிற வரிசை வேறு. பேட்டரி விளக்கு எரிந்த இடத்திலேயே நிறுத்துவேன். அறுந்த பெல்ட்டை அங்கேயே நீட்டி வரி எண்ணுவேன். குறைந்தால், அந்தத் துண்டு கிடைக்கும் வரை செல்ஃபைத் தொட மாட்டேன், தள்ளவும் விட மாட்டேன். பிறகு முள், பிறகு பொறி, பிறகு பெட்ரோல். இந்த மூன்றையும் பார்க்கப் பத்து நிமிஷம் போதும், ஒரு ரூபாய் செலவில்லை.

கீழ் மூடியின் உடைந்த மூலைக்கு இப்போதைக்கு அலுமினியத் தகடு வெட்டி ரிவிட் அடித்திருக்கிறேன். புது மூடிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மைக் ஒயர் ஐப்பசி மழைக்கு முன்னால் மாற வேண்டும், ஒயரோடு வருகிற முழுச் சென்சாராகவே போடப்போகிறேன். பெல்ட் இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் கொஞ்சம் தளரும், மறுபடி கட்டைவிரல் வைத்துப் பார்க்க வேண்டும். இன்றைய கணக்குக்கு எழுபது ஓடியிருக்கிறது.